விளக்குப் பட்டறைக்கு இணையதளம் அமைத்து எட்டு மாதம் ஆயிற்று. ஒரு விசாரிப்புகூட வரவில்லை

நாச்சியார்கோயில் பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை எங்களுடையது. தாத்தா காலம் தொட்டுக் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளுக்குச் சரக்குக் கொடுத்து வருகிறோம். வாங்குவோரிடம் நேரடியாக விற்றால் கடைக்காரருக்குப் போகும் பங்கு நம்மிடமே நிற்குமே என்ற எண்ணத்தில், 45,000 ரூபாய் செலவழித்து இணையதளம் ஒன்று அமைத்தோம். பக்கத்தைத் திறந்தால் சுடர் அசையும் விளக்கு ஒன்று சுழன்று வரும், பின்னணியில் நாதஸ்வரம் ஒலிக்கும், ஐந்து பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். அப்பா பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையைப் போல இருக்கிறது என்று மகிழ்ந்தார்.

எட்டு மாதங்களாகியும் தளத்தின் வழியாக ஒரு விசாரிப்புகூட வரவில்லை. வாட்ஸ்அப்பில், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று மாதத்துக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். அவர்களிலும் சிலர், தளத்தைப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை என்கிறார்கள். விலையை நாங்கள் போடவில்லை. பித்தளை விலை ஒரு நிலையில் நிற்பதில்லை. இன்று எழுதிய விலைக்கு அடுத்த மாதம் வார்த்துக் கொடுத்தால் கைநட்டம் ஆகிவிடும். அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டால், மாதம் 15,000 ரூபாய் விளம்பரத்துக்குச் செலவிட்டால் ஆட்கள் வருவார்கள் என்கிறார். அந்தப் பணத்தைப் போடுவதற்கு முன், தளத்திலேயே தவறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கேட்போருக்குத் தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். பார்த்துவிட்டுத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்லுங்கள்.

கோவை நிரலாளர்

ஐயா, முகவரி அனுப்பியமைக்கு நன்றி. நேற்று மாலை பொள்ளாச்சிப் பேருந்தில் அமர்ந்தபடி என் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். அலுவலகக் கணினியில் பார்ப்பதை வேண்டுமென்றே தவிர்த்தேன். உங்களிடம் விளக்கு வாங்கப் போகிறவர் பெரிய திரையும் விரைவான இணைப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அல்லர், புதுமனைப் புகுவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஆயிரம் வேலைக்கு நடுவே கைப்பேசியில் தேடுபவர். ஒத்தக்கால்மண்டபத்தில் நான் திறந்த பக்கம், அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணத்துக்கடவு வருவதற்குச் சற்று முன்னர்தான் முழுமையாக வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. முகப்புப் பக்கம் மட்டும் 31 எம்பி. கேமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். 6,000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தைக் கையகலத் திரைக்கு அனுப்புவது, கால்படி அரிசி கொண்டுவர லாரி பிடிப்பதைப் போன்றது. நொடிக்கு 4 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில் இது இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்திருக்கும் அளவு. அதே படங்களை 1,200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற, இணையத்துக்கான சுருக்கப் பட வடிவில் சேமித்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கேபியில் நின்றுவிடும். விளக்கின் பளபளப்பு கண்ணுக்குக் குறையாது. இது ஒரு பிற்பகல் வேலைதான். இதற்காகப் புதுத் தளம் வேண்டியதில்லை.

நாதஸ்வரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயனர் பக்கத்தைத் தொடாதவரை ஒலி தானாக ஒலிப்பதைக் குரோம் உலாவி 2018-இலிருந்தே தடுத்து வருகிறது. ஆகவே, நீங்கள் நினைப்பதுபோல் உங்கள் மங்கல இசை வருபவரை வரவேற்பதில்லை. அவர் விவரம் பார்க்க முதன்முதலாக விரல் வைக்கும் கணத்தில், ஓசையில்லாத பேருந்தில், திடீரென்று கெட்டிமேளமாக முழங்குகிறது. நான் பட்ட பாட்டைப் பக்கத்து இருக்கைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

சந்தன நிறப் பின்னணியில் பொன்னிற எழுத்து அழகுதான். ஆனால் வெயிலில் அது எழுத்தாகவே தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது இருக்க வேண்டும் என்பது இணைய அணுகுதிறன் நெறிமுறை. உங்கள் பக்கத்தில் அது 2-க்கு 1 அளவில்தான் இருக்கிறது. தொலைபேசி எண்ணோ படத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. தொட்டால் அழைப்புப் போகாது, நகலெடுக்கவும் முடியாது. தாளில் குறித்துக்கொண்டு பிறகு அழுத்த வேண்டும்.

இவை எல்லாம் சில்லறைத் திருத்தங்கள். பெரிய தவறு வேறு, அதை உங்கள் தந்தையார் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: இது கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையைப் பிரிப்பவருக்கு அழைப்பவரை ஏற்கெனவே தெரியும். தளத்துக்கு வருபவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் பட்டறைக்கு நேரில் வருபவர் என்ன செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். விளக்கைத் தூக்கிக் கனம் பார்க்கிறார், அடிப்பீடத்தைக் கவிழ்த்து உள்ளே குடைவா கெட்டியா என்று பார்க்கிறார், தண்டைத் திருகிக் கழற்றி மரை சரியாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார், பிறகு கிலோ என்ன விலை என்கிறார். தளத்தில் இவற்றுள் ஒன்றையும் அவரால் செய்ய இயலாது. உயரம் இத்தனை அங்குலம், எடை இத்தனை கிலோ, எத்தனை பாகமாகக் கழலும், கவிழ்த்த பீடத்தின் படம், பக்கத்தில் ஒரு குடத்தை வைத்து எடுத்த படம் ஆகியவைதான் அவர் கைக்கும் கண்ணுக்கும் ஈடாக நிற்பவை. உங்கள் தளத்தில் 42 விளக்குகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் எடை இல்லை. மாறாக, எங்கள் தொலைநோக்கு, எங்கள் பணி என்று இரண்டு பக்கங்கள் உள்ளன, அவற்றில் கோட்டு அணிந்த வெளிநாட்டார் இருவர் கைகுலுக்குகிறார்கள். வண்டல் மண்ணில் அச்சுக் கட்டி உலோகம் ஊற்றுகிற உங்கள் ஆட்களின் படம் ஒன்றுகூட இல்லை.

விலை ஏறி இறங்கும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் தங்கத்தின் விலையும் தினம் மாறத்தான் செய்கிறது, நகைக்கடையில் அதற்காக விலையை மறைப்பதில்லை. அன்றைய விலையைப் பலகையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். நீங்களும் முகப்பில், இன்ன தேதி நிலவரப்படி கிலோவுக்கு இவ்வளவு, முன்பணம் செலுத்தும் நாளின் விலையே இறுதி விலை என்று ஒரு வரி எழுதி, வாரந்தோறும் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். எடையோடு பெருக்கி 42 விளக்குக்கும் விலை காட்டும்படி நிரல் எழுதிவிடலாம். இதைச் செய்யாமல் விளம்பரத்துக்குப் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும்.

அச்சுக்கோப்பாளர்

வேகத்தையும் விலையையும் மேலே எழுதியவர் பார்த்துக்கொண்டார். நான் முப்பது ஆண்டுகளாகத் தமிழ் அச்சுக்கோப்பில் இருப்பவன் என்பதால் எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் விளக்குப் பக்கங்களில் உள்ள தமிழ் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. விலைப்பட்டியலோ துண்டறிக்கையோ அச்சடித்த கோப்பிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டியிருக்க வேண்டும். பாமினியில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி மாட்டிக் காட்டுகிறது. தாளில் அச்சானபின் முகமூடியே முகமாகிவிடுவதால் எங்கள் தொழிலில் இதனால் தொல்லை இல்லை. ஆனால் தேடுபொறி முகமூடியைப் பார்ப்பதில்லை, அடியில் இருக்கும் குறிகளைத்தான் படிக்கிறது. 'குத்துவிளக்கு' என்று ஒருவர் தட்டித் தேடும்போது, 42 விளக்குகள் உள்ள உங்கள் பக்கங்களில் அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை. எழுத்துருவைத் தளமே சேர்த்து அனுப்புவதால் பார்ப்பவருக்கும் குறை தெரிவதில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக அறிவித்தது. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் பல உள்ளன. மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள், எண்களும் நிறுத்தற்குறிகளும் சில இடங்களில் உருமாறியிருக்கும்.

முகப்பில் நகரும் படங்களில் எழுதியிருப்பது இன்னும் மோசம். இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் படமென்பொருளில் தட்டியிருக்கிறார்கள். 'கோயில் விளக்கு' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது, காலோ அதற்கும் அப்பால் தனியாக நொண்டுகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் இதைப் பார்த்ததும், செய்தவர் கவனமற்றவர் என்று முடிவு கட்டிவிடுவார். விளக்கின் மரையும் அப்படித்தான் இருக்குமோ என்ற ஐயம் அடுத்து வரும்.

மொழிபெயர்ப்பு தனிக் கதை. முகப்பு என்று இருக்க வேண்டிய மெனுவில் 'வீடு' என்று இருக்கிறது. அதுகூடப் பழகிப்போனதுதான். ஆனால் உங்களைப் பற்றிய பக்கத்தில் "எங்கள் பித்தளை நடிகர்கள் தலைமுறைகளாகப் புகழ்பெற்றவர்கள்" என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆங்கிலத்தில் வார்ப்பதற்கும் படத்தில் நடிக்கும் குழுவுக்கும் 'காஸ்ட்' என்ற ஒரே சொல். இயந்திரம் உங்கள் வார்ப்படக்காரர்களை நடிகர்களாக்கிவிட்டது. அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, உங்கள் தந்தையாரிடம் பட்டறையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லி, அதைப் பதிவு செய்து எழுதிப் போடுங்கள்.

நாச்சியார்கோயில் பட்டறை

இருவருக்கும் மிக்க நன்றி. நடிகர்களைப் பற்றி வாசித்துக் காட்டியபோது பட்டறையில் அனைவரும் சிரித்து ஓய நெடுநேரம் ஆயிற்று; எங்கள் மூத்த வார்ப்படக்காரர், தமக்குச் சம்பள பாக்கி இருக்கிறது என்றார்.

ஆனால் சிரிப்பு அதோடு முடிந்தது. உங்கள் பதில்களைப் படித்தபின், தளத்தில் இருக்கும் விசாரிப்புப் படிவத்தை முதன்முறையாக நானே நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். எட்டு மாதத்தில் இதைச் செய்யத் தோன்றவில்லையே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. "உங்கள் செய்தி கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்வோம்" என்று திரையில் வந்தது. என் மின்னஞ்சலுக்கு ஒன்றும் வரவில்லை. அமைத்தவரைக் கேட்டபோது, தளத்தைச் சோதிப்பதற்காகத் தம்முடைய பழைய மின்னஞ்சல் முகவரி ஒன்றை அதில் கொடுத்திருந்ததாகவும், மாற்ற மறந்துவிட்டதாகவும் சொன்னார். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில் 31 விசாரிப்புகள் இருந்தன. அதில் ஒன்று, திருப்பணி நடக்கும் கோயிலுக்கு ஐந்தடி விளக்கு ஒரு சோடி வேண்டும் என்று கேட்டு, மறுமொழி இல்லாததால் பத்து நாள் கழித்து மீண்டும் அனுப்பியது. நேற்று அழைத்தேன். குடமுழுக்கே முடிந்துவிட்டதாம்.

சிங்கப்பூர் வாசகி

அண்ணா, நான் அந்த 31 பேரில்கூட இல்லை, ஏனென்றால் உங்கள் படிவம் என்னை உள்ளேயே விடவில்லை. இந்த இழையைப் படித்துவிட்டு ஆவலோடு முகவரி கேட்டு வாங்கி, மகளின் திருமணத்துக்கு மூன்றடி விளக்கு விசாரிக்கலாம் என்று போனேன். பதினொரு கட்டங்கள், அனைத்தும் கட்டாயம். மாவட்டம் கேட்டது; சிங்கப்பூரில் நான் எந்த மாவட்டத்தைச் சொல்வேன்? எங்கள் அஞ்சல் குறியீடும் ஆறிலக்கம் என்பதால் அந்தக் கட்டம் தப்பித்தது. தொலைபேசி எண் இங்கு எட்டிலக்கம். பத்திலக்கம் வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டு, அதுவரை நிரப்பிய அனைத்தையும் அழித்தும்விட்டது. பெயர், தொடர்பு எண், என்ன வேண்டும் என்ற மூன்று கட்டங்கள் போதாவா?

எங்களைப் போல் வெளிநாட்டிலிருந்து வாங்குவோருக்கு மொத்த எடையோடு, கழற்றிய பாகங்களில் மிக நீளமானது எத்தனை அங்குலம் என்பதும் தெரிய வேண்டும். ஊருக்கு வரும் உறவினர் பெட்டியில் தண்டு அடங்குமா, அடங்காவிட்டால் கூரியர் செலவு எவ்வளவு என்பதை வைத்துத்தான் இரண்டடியா மூன்றடியா என்றே முடிவு செய்வோம்.

நாகர்கோவில் வணிகர்

அனைவரும் தளத்தைச் சீர்செய்யவே வழி சொல்கிறீர்கள். பத்துப் பேர் வாட்ஸ்அப்பில் வருகிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப் பிசினஸில் படமும் எடையும் போட்டு, கூகுள் வரைபடத்தில் பட்டறையின் இடத்தைச் சரியாகக் குறித்துவிட்டால், செலவில்லாமல் வேலை முடிந்தது. எங்கள் பாத்திரக் கடை அப்படித்தான் நடக்கிறது. சிறு தொழிலுக்குத் தளம் எதற்கு?

கோவை நிரலாளர்

நீங்கள் சொல்லும் இரண்டையும் அவர் இன்றே செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவை மட்டுமே போதும் என்பதை ஏற்க இயலவில்லை. கூகுள் தன் வணிகச் சுயவிவரத்தோடு சிறு தளம் ஒன்றை இலவசமாக அமைத்துத் தந்துகொண்டிருந்தது. அதை நம்பி, வேறு தளம் இல்லாமல் இருந்த கடைகள் பல. 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. உள்ளூர் வாடிக்கையாளரே போதும் என்னும் உங்கள் கடைக்கு அது பெரிய இழப்பாக இராது. வெளியூரையும் வெளிநாட்டையும் எதிர்பார்க்கும் பட்டறைக்குச் சொந்தப் பெயரில் ஓரிடம் வேண்டும்.

சொந்தப் பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. பட்டறைக்காரர் ஐயா, உங்கள் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அமைத்துக் கொடுப்பவர்களில் பலர் தங்கள் கணக்கிலேயே பதிந்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லாமலே அப்படிச் செய்வதும் உண்டு. நாளை மனக்கசப்பு வந்தாலோ, அவர் தொழிலை விட்டுவிட்டாலோ, புதுப்பிக்க மறந்தாலோ, உங்கள் பெயர்ப்பலகை உங்களிடம் இருக்காது. உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, அவரிடமிருந்து பெயர்மாற்றக் குறியீட்டைக் கேட்டு வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். பதிவாகி 60 நாள் ஆகாத டாட்காம் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற இயலாது. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதால் அந்தத் தடை இல்லை.

மதுரை வழக்கறிஞர்

ஒருவரும் குறிப்பிடாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தளத்தில் ஒவ்வொரு விளக்கின் கீழும் "இன்னும் 2 மட்டுமே உள்ளன, 09:59 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. விலையே இல்லாத பொருளுக்குச் சலுகை எங்கிருந்து வந்தது என்பது ஒருபுறமிருக்க, இல்லாத அவசரத்தை உண்டாக்கி வாங்கத் தூண்டுவது, 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. தளம் அமைக்க வாங்கிய ஆயத்த வடிவமைப்பிலேயே அந்தக் கடிகாரம் இருந்திருக்கும், நீங்கள் கேட்டு வைத்தது ஆகாது. என்றாலும் பொறுப்பு உங்களுடையது. உடனே எடுத்துவிடுங்கள்.

நாளை பணம் செலுத்தும் வசதி வைத்து நேரடியாக விற்கத் தொடங்கினால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். தொழிலின் சட்டப்படியான பெயர், முழு முகவரி, வாடிக்கையாளர் சேவைக்கும் குறைதீர் அலுவலருக்கும் உரிய தொடர்பு விவரங்கள் ஆகியவை தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வந்த புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். உங்கள் தொடர்புப் பக்கத்தில் தெருப் பெயர்கூட இல்லை. முகவரியில்லாத கடைக்கு முன்பணம் அனுப்ப எவருக்கும் துணிவு வராது என்பதால், சட்டம் இல்லாவிட்டாலும் இது வேண்டியதே.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டைத் தளத்தில் பயன்படுத்துவதற்கு முன், அங்கீகரிக்கப்பட்ட பயனராக உங்கள் பட்டறை பதிவு பெற்றிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாச்சியார்கோயில் பட்டறை

டொமைன் அவர் பெயரில்தான் இருந்தது. கேட்டதும் மறுப்பில்லாமல் குறியீட்டை அனுப்பிவிட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் ஏதும் இல்லை, என்ன கேட்க வேண்டும் என்று எனக்கே தெரியாமல் இருந்ததுதான் பாதிக் குறை. கடிகாரமும் நாதஸ்வரமும் நேற்றோடு நின்றன. படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இப்போது, மூன்றுமே என் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வருகின்றனவா என்று தம்பியின் கைப்பேசியிலிருந்து அனுப்பிப் பார்த்துவிட்டேன். விளம்பரத்தை ஒத்திவைத்துவிட்டேன்.

இன்று காலையிலிருந்து விளக்குகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், பதினெட்டு முடிந்தன. ஒரே ஓர் ஐயம். எங்கள் பட்டறையில் உச்சியிலிருக்கும் அன்னத்தை நீக்கித்தான் உயரம் சொல்வது வழக்கம், அன்னம் தனியாகத் திருகிக் கழலும். கடைக்காரர்களுக்கு இது தெரியும். தளத்தில் எப்படி எழுதுவது?

சிங்கப்பூர் வாசகி

இரண்டையும் எழுதுங்கள் அண்ணா. அன்னத்தோடு எவ்வளவு என்பது என் பூசையறை அலமாரிக்கு, அன்னம் இல்லாமல் எவ்வளவு என்பது என் பெட்டிக்கு. எடை போட்டு முடிந்ததும் மூன்றடியின் விவரத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.